பீங்கான் பொம்மையும் வழிநூலும்

ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் கூட்டம் குறையாத இடங்கள் இரண்டு. ஒன்று, மணிக்கொருமுறை சிற்றுருவம் ஒன்று வெளிவந்து மணியடித்துச் செல்லும் இசைக் கடிகாரம். மற்றொன்று, 'முகத்திரையிட்ட ரெபெக்கா' என்னும் பளிங்குச் சிலை. இத்தாலியச் சிற்பி ஜியோவன்னி மரியா பென்சோனியின் படைப்பான அதனை, முதலாம் சாலார் ஜங் 1876ஆம் ஆண்டு ஐரோப்பியப் பயணத்தின்போது வாங்கினார். கல்லில் மெல்லிய துணியைக் காட்டிய அந்தக் கைத்திறனை வியந்து நிற்போரில் பெரும்பாலோர் அறியாத செய்தி ஒன்றுண்டு. இதே ரெபெக்கா அமெரிக்காவின் அட்லாண்டாவிலும் டெட்ராய்ட்டிலும் இருக்கிறாள். விரும்பிக் கேட்ட செல்வர்களுக்காக அதே உருவத்தைப் பென்சோனியின் பட்டறை மீண்டும் மீண்டும் செதுக்கிக் கொடுத்தது. ஆயினும் ஐதராபாத்தின் ரெபெக்காவை எவரும் 'நகல்' என்று சொல்வதில்லை; 'போலி' என்று முகம் சுளிப்பதுமில்லை.

இந்தச் சலுகை எல்லாப் பொருள்களுக்கும் கிடைப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் சீனக் கைவினைஞர்கள் ஐரோப்பிய உருவங்களை மாதிரியாகக் கொண்டு செய்து, கப்பலேற்றி ஐரோப்பாவுக்கே அனுப்பிய பீங்கான் பொம்மைகள் என்றொரு வகை உண்டு. தொப்பியணிந்த டச்சுக்காரர், கைகோத்து நடனமாடும் இணை, பாவாடை விரித்து நிற்கும் சீமாட்டி, மடிநாய் என அவற்றின் பட்டியல் நீளும். இன்று அவை ஏலங்களில் பெருவிலை பெறுகின்றன. எனினும் அவற்றைக் குறித்து எழுதப்படும் விவரக் குறிப்புகளில் ஒரு சொல் தவறாமல் இடம்பெறுகிறது: இன்ன ஐரோப்பிய மூலத்தைப் 'பின்பற்றியது'. மூலத்தைச் செய்தவரின் பெயர் இருக்கும். பின்பற்றியவரின் பெயர் இருக்காது. பின்பற்றுகையில் அவர் என்ன மாற்றினார் என்பதும் பெரும்பாலும் இருக்காது.

இப்பொம்மைகளைப் பற்றிச் சிந்திப்பதற்கு ஐதராபாத் பொருத்தமான ஊர். மூன்றாம் சாலார் ஜங் மீர் யூசுப் அலி கான் 1949இல் காலமானபோது விட்டுச்சென்ற சேகரிப்பு, 1951 டிசம்பர் 16 அன்று அவரது இல்லமான திவான் தேவ்டியில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 1961இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாயிற்று; 1968இல் மூசி ஆற்றின் தென்கரையில் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. பின்னர் இருபுறமும் இரண்டு கட்டடங்கள் எழுந்தன. ஐரோப்பியப் பீங்கான் மேற்குக் கட்டடத்தில் உள்ளது. சீன, ஜப்பானியப் பீங்கான் கிழக்குக் கட்டடத்தில் உள்ளது. பார்வையாளர்களுக்கு இது வசதியான ஏற்பாடு. ஆனால் சீன மண்ணில் ஜெர்மானிய உருவம் தாங்கிய ஒரு பொம்மையை எந்தக் கட்டடத்தில் வைப்பது? திசையை வைத்து உலகைப் பகுக்கும் எந்த அருங்காட்சியகமும் இக்கேள்விக்கு எளிதில் விடைசொல்ல இயலாது. பொம்மையிடம் குறையில்லை, பகுப்பில்தான் அதற்கு இடமில்லை.

மொழியியல் படித்தவர்களுக்கு இது பழகிய சிக்கல். 'பீங்கான்' என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். சீனப் பொருளுக்குத் தமிழர் வழங்கும் இப்பெயரில் சீனம் இல்லை. கிண்ணத்தைக் குறிக்கும் 'பிங்கான்' என்னும் பாரசீகச் சொல்லோடு அது தொடர்புடையது. அதே சொல் அரபியில் 'ஃபிஞ்சான்' ஆகிக் காப்பிக் கோப்பையைக் குறித்தது. மலையாளத்தில் 'பிஞ்ஞாணம்' ஆயிற்று. தெலுங்கில் 'பிங்காணி' ஆயிற்று. பாத்திரத்தின் பெயர் தமிழில் அது செய்யப்பட்ட பொருளுக்குப் பெயரானது. ஐதராபாத்தின் உருது பேசுவோர் அதனைச் 'சீனி' என்கின்றனர். அச்சொல் தமிழில் சர்க்கரைக்குப் போய்விட்டது. ஆங்கிலத்தில் வழங்கும் 'போர்சலின்' என்பதோ சோழியைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. பீங்கானின் வழவழப்பு சோழியின் முதுகை நினைவூட்டியிருக்கிறது. பீங்கானுக்கு உயிரான வெண்களிமண்ணை உலகம் 'கயோலின்' என்கிறது. அது ஜிங்தெஜென் அருகிலுள்ள காவோலிங் என்ற ஊரின் பெயர். ஆக, ஒரு தட்டைப் பற்றிப் பேசினாலே நான்கைந்து மொழிகளின் கடன் வாயில் வந்து விழுகிறது. இவற்றுள் எதையும் எவரும் போலிச் சொல் என்று ஒதுக்குவதில்லை.

இப்பொருள் இந்நிலத்துக்குப் புதியதன்று. இராமநாதபுரம் கடற்கரையின் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் பதின்மூன்றாம், பதினான்காம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. கோல்கொண்டாவின் துறைமுகமான மசூலிப்பட்டினத்தில் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டச்சு, ஆங்கிலக் கும்பினிகள் பண்டகசாலை வைத்தன. இளம்பச்சைச் சீனத் தட்டில் நஞ்சிட்ட உணவைப் பரிமாறினால் தட்டு நிறம் மாறும், அல்லது உடைந்துவிடும் என்றொரு நம்பிக்கை தக்காணத்து அரண்மனைகளில் இருந்தது. வேதியியல் அதற்குச் சான்று தராது; ஆயினும் பீங்கானின் மதிப்பு எத்தகையது என்பதற்கு அது சான்று. திவான் தேவ்டியில் 'சீனி கானா' என்றே ஓர் அறை இருந்தது. சுவர்களில் தட்டுகளும் கோப்பைகளும் பதிக்கப்பட்ட அவ்வறையை லாலா தீன் தயாளின் ஒளிப்படம் இன்றும் காட்டுகிறது.

ஐரோப்பிய உருவங்கள் சீனச் சூளைகளுக்கு எப்படிச் சென்றன என்பது அடுத்த கேள்வி. சொற்களால் விளக்கிப் பொம்மை செய்ய முடியாது. வணிகர் ஏதேனும் ஒரு பொருளைக் கையில் கொண்டு செல்ல வேண்டும். 1635இல் தைவானிலிருந்த டச்சு அதிகாரிகள், தமக்கு வேண்டிய பாத்திரங்களின் வடிவத்தை மரத்தில் கடைந்து சீன வணிகரிடம் கொடுத்தனர். 1734இல் டச்சுக் கும்பினி கொர்னேலிஸ் புரோங்க் என்ற ஓவியரை அமர்த்திப் பீங்கானுக்கென்றே படங்கள் வரையச் செய்தது. குடைபிடித்த சீமாட்டியின் படம் அவற்றுள் பெயர்பெற்றது. அந்தச் சீமாட்டியே ஓர் ஐரோப்பியரின் கற்பனையிலிருந்த சீனப் பெண். அப்படம் சீனாவுக்குப் போய், சீனத் தட்டில் ஏறி, ஐரோப்பாவுக்குத் திரும்பியது. உருவப் பொம்மைகளுக்கு அச்சுப்படங்களும் மரச் செதுக்கல்களும் ஐரோப்பியப் பீங்கான் பொம்மைகளும் மாதிரிகளாயின. இவ்வணிகத்தில் பெரும்பகுதி கும்பினிக் கணக்கில் நடந்ததன்று. கப்பல் தலைவர்களும் சரக்குப் பொறுப்பாளர்களும் சொந்த முதலிட்டு நடத்தியது.

இங்கே ஒரு வட்டம் தெரிகிறது. ஐரோப்பியர் பீங்கானின் மறைபொருளை நெடுங்காலம் அறியவில்லை. சாக்சனி மன்னர் ஆகஸ்டஸின் ஆதரவில் போட்கர் என்பவர் 1708 அளவில் அதனைக் கண்டறிந்தார். 1710இல் மைசென் ஆலை தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அந்த ஆலை செய்தவற்றுள் ஃபுஜியானின் தெஹுவா நகரத்து வெண்பீங்கான் குவான்யின் உருவத்தின் படிகளும் அடங்கும். அதாவது மைசென் முதலில் சீனாவைப் பார்த்துச் செய்தது. 1730களில் கெண்ட்லர், எபர்லைன் ஆகிய சிற்பிகள் வந்தபின் அதற்கெனத் தனிப் பாணி உருவாயிற்று. எபர்லைன் உருவாக்கிய நடனமாடும் இணையைச் சில ஆண்டுகளிலேயே சீனக் கைவினைஞர்கள் செய்யலாயினர். இப்போது சீனா மைசெனைப் பார்த்துச் செய்தது. இதில் யார் மூலம், யார் வழி?

பக் என்னும் சப்பை மூக்கு நாயின் கதை இதைவிடச் சுவையானது. அந்நாயினம் சீனாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. அங்கே அரண்மனைப் பெண்டிரின் மடியேறியது. 1738இல் போப்பாண்டவர் ஃபிரீமேசன் சங்கத்தைத் தடைசெய்தபின் ஜெர்மானிய நாடுகளில் தோன்றிய ஒரு மறைவுச் சங்கத்துக்கு அந்நாயே அடையாளமாயிற்று. மைசெனின் கெண்ட்லர் அதனைப் பீங்கானில் வடித்தார். அந்த மைசென் நாய் கப்பலேறிச் சீனாவுக்குப் போய், சீனப் பீங்கானில் மீண்டும் பிறந்து, திரும்ப ஐரோப்பாவுக்கு விற்பனைக்கு வந்தது. சீன நாயின் ஜெர்மானிய உருவத்துக்குச் சீனர் செய்த உருவம். 'அசல் எது' என்ற கேள்விக்கு இங்கே விடை இல்லை. ஒவ்வொரு கையிலும் என்ன நேர்ந்தது என்பதே ஆராயத் தக்கது.

கைகளில் நேர்ந்தது என்ன? செய்முறையைச் சற்றே அறிந்தால் அது விளங்கும். பொம்மையின் உடல், தலை, கைகள் தனித்தனி அச்சுகளில் களிமண்ணை அழுத்தி எடுக்கப்படும். பின்னர் குழைத்த களிமண் நீரால் ஒட்டப்படும். உள்ளே காற்று அடைபட்டால் சூளையில் வெடிக்கும். ஆதலால் உட்கூடு வெற்றிடமாக விடப்பட்டு, எங்கேனும் ஒரு துளை இருக்கும். ஏறத்தாழ 1,300 பாகை செல்சியசில் வேகும்போது பீங்கான் சுருங்கும். நீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலே குறையும். முடிந்த ஒரு பொம்மையிலிருந்தே அச்செடுத்துச் செய்தால், பிறக்கும் பொம்மை தாயைவிடச் சிறியதாகவே இருக்கும். அதே அளவு வேண்டுமெனில் கைவினைஞர் புதிதாகப் பெரிதாக்கி வனைய வேண்டும். அப்படி வனையும்போது கண் தனக்குப் பழகிய முகத்தையே நாடுகிறது. ஐரோப்பியச் சீமாட்டியின் கண்கள் சற்றே நீள்கின்றன; உடையின் மடிப்புகள் குவான்யினின் உடைபோல் வழிகின்றன; பாவாடையில் சீனப் பூக்கள் பூக்கின்றன.

நிறத்திலும் ஒரு செய்தி உள்ளது. இப்பொம்மைகளில் பலவற்றின் உடையில் காணும் இளஞ்சிவப்பு, பொன்னிலிருந்து எடுக்கப்படும் நிறம். ஐரோப்பியத் தொழில்நுட்பத்தின் தொடர்பால் 1720 அளவில் சீனாவில் அது பரவியது. சீனர் அவ்வகை வண்ணப்பூச்சை 'வெளிநாட்டு வண்ணம்' என்று அழைத்தனர். பின்னாளில் பிரெஞ்சுக்காரர் அதற்கு 'இளஞ்சிவப்புக் குடும்பம்' என்று பெயரிட்டு, சீனப் பீங்கானின் தனிச்சிறப்பாகப் போற்றினர். சீனர்க்கு அயலாகத் தெரிந்த நிறம் ஐரோப்பியர்க்குச் சீனமாகத் தெரிந்தது.

பெயரிடுதலிலும் இத்தகைய மயக்கம் உண்டு. சீமாட்டி உருவம் ஒன்று, பிரெஞ்சுக் கும்பினி இயக்குநர் ஒருவரின் மனைவியான துவலேர் சீமாட்டி என்று நெடுநாள் அழைக்கப்பட்டது. பின்னர்தான் அதன் மூலம் அகப்பட்டது. 1703இல் நியூரம்பெர்க்கில் வெளியான உலக மக்களின் உடைகளைக் காட்டும் நூலொன்றில், கஸ்பர் லாய்கன் வரைந்த ஃபிராங்க்ஃபர்ட் யூதப் பெண்ணின் படமே அது. கும்பினி இயக்குநரின் மனைவி என்ற பெயரில் செல்வர் மாடங்களில் வீற்றிருந்தவள், ஒதுக்கப்பட்ட தெருவில் வாழ்ந்த சமூகத்தின் பெண். தெஹுவாவின் வெண்பீங்கான் குடும்ப உருவங்களுக்கு ஆங்கில வணிகர் 'கவர்னர் டஃப்' என்று பெயரிட்டனர். அது படேவியாவின் டச்சு ஆளுநர் டர்வனின் பெயர் மருவியது என்பர். செய்த குயவர் எந்த ஆளுநரையும் மனத்திற்கொண்டு செய்தார் என்பதற்குச் சான்றில்லை. குவான்யின் கையில் குழந்தையோடு நின்றால் ஐரோப்பியர் அவளைக் கன்னி மரியாளாகக் கண்டனர். பொம்மைகள் பேசுவதில்லை, வாங்குவோர் தமக்குத் தெரிந்த பெயரைச் சூட்டுகின்றனர்.

'போலி' என்னும் சொல்லைத் தமிழ் இலக்கணம் எப்படிக் கையாள்கிறது என்பதை இங்கே நினைவுகூரலாம். அன்றாட வழக்கில் போலி என்றால் ஏமாற்று. இலக்கணத்தில் அப்படியன்று. ஓர் எழுத்து நின்ற இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் சொல்லின் பொருள் கெடாதிருப்பது போலி. 'நிலம்' என்பது 'நிலன்' ஆனால் கடைப்போலி. 'அரசு' என்பது 'அரைசு' ஆனால் இடைப்போலி. இரண்டு வடிவங்களும் செம்மையானவை. போல நிற்பது என்பதே அச்சொல்லின் அடிப்பொருள். அதில் இழிவு இல்லை.

நூல்களைப் பகுக்கும்போதும் தமிழ் மரபு இதே தெளிவைக் காட்டுகிறது. தொல்காப்பிய மரபியல் நூலை முதனூல், வழிநூல் எனப் பகுக்கிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக வகுக்கிறது. நன்னூல், முதல், வழி, சார்பு என்று மூன்றாக்குகிறது. வழிநூல் முதனூலின் முடிவோடு ஒத்துப்போய்த் தன் ஆசிரியர் வேண்டும் வேறுபாட்டையும் கொண்டிருக்கும் என்பது அம்மரபின் கருத்து. பின்வந்தவர் ஏன் மாற்றினார் என்ற கேள்விக்கு இங்கே இடமுண்டு. மாற்றியது அவர் உரிமை என்ற ஏற்பும் உண்டு. வால்மீகியை முதலாகக் கொண்ட கம்பரை எவரும் நகலெடுத்தவர் என்பதில்லை. தண்டியலங்காரம் வடமொழிக் காவியாதரிசத்தின் வழிநூல் என்பதை மறைத்ததுமில்லை. அதனால் அதன் மதிப்புக் குறைந்ததுமில்லை. வடசொற்கள் தமிழுக்குள் வரும்போது வடவெழுத்தை விட்டுத் தமிழ் எழுத்தை ஏற்க வேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பிற்காலத்தார் மாறாமல் வருவதைத் தற்சமம் என்றும், மாறி வருவதைத் தற்பவம் என்றும் பிரித்தனர். நீண்ட கண்களோடு பிறந்த ஐரோப்பியச் சீமாட்டியைப் பீங்கானில் அமைந்த தற்பவம் எனலாம்.

ஐதராபாத்தின் தெருக்களில் ஒலிக்கும் தக்கினி உருதுவும் இவ்வகையைச் சேர்ந்ததே. தமிழின் 'என்று', தெலுங்கின் 'அனி' ஆகியவை செய்யும் வேலையைத் தக்கினியில் 'போல்கே' என்னும் சொல் செய்கிறது. 'சொல்லி' என்பது அதன் நேர்ப்பொருள். சொல் உருதுவுடையது, அச்சு திராவிடத்துடையது. வடக்கத்தியக் காதுக்கு அது கொச்சையாகப் படுகிறது. திரைப்படங்களில் நகைச்சுவைக்குப் பயன்படுகிறது. மொழியியலாருக்கோ அது பல நூற்றாண்டுகள் அருகருகே வாழ்ந்த மொழிகளின் அரிய ஆவணம். ஒரே தொடரைக் கேட்டு ஒருவர் 'கெட்டுப்போன உருது' என்கிறார். இன்னொருவர் 'உருவாகி வந்த மொழி' என்கிறார். தொடர் மாறவில்லை. எதை அளவுகோலாகக் கொண்டார்கள் என்பதுதான் மாறியது.

இவ்வளவும் பழம்பொருள் ஆராய்ச்சியாக மட்டும் நின்றுவிட்டால் ஒரு முதன்மையான செய்தி விடுபட்டுவிடும். தாந்த்ரகோல் என்னும் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி 1712இலும் 1722இலும் ஜிங்தெஜென் சூளைகளைப் பற்றி விரிவான கடிதங்கள் எழுதினார். ஒரு பாத்திரம் முடிவதற்குள் ஏறத்தாழ எழுபது பேரின் கைகளைக் கடக்கிறது என்று அவர் குறிப்பிட்டார். ஐரோப்பாவுக்குச் செல்லும் பீங்கான் ஏன் விலை கூடியது என்பதற்கு அவர் தரும் விளக்கம் எண்ணிப் பார்க்கத் தக்கது. ஐரோப்பியர் தரும் மாதிரிகள் புதியவை, செய்வதற்கு அரியவை. சிறு குறை இருந்தாலும் வணிகர் ஏற்க மறுத்துவிடுவர். மறுக்கப்பட்டது குயவரிடமே தங்கிவிடும். உள்ளூரிலும் அதை விற்க முடியாது. ஏனெனில் அது சீனர் விரும்பும் வடிவில் இல்லை.

அக்குயவரின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அயலார் சுவைக்கேற்ப, அவர்கள் தந்த அச்சில், தன் மண்ணால் செய்கிறார். தேர்வு செய்யும் உரிமை அவரிடம் இல்லை. தேறினால் பொருள் கடல் கடந்து சென்று இன்னொருவர் சூட்டிய பெயரில் வாழும். தேறாவிட்டால் தன் ஊராரும் வாங்காத சரக்கு அவரது கொட்டிலில் கிடக்கும். இழப்பு முழுவதும் அவருடையது.

இந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் ஆய்வு செய்வோருக்கு இந்நிலை அந்நியமானதன்று. மொழியியல், சமூகவியல், இலக்கிய ஆய்வு எனத் துறை எதுவாயினும் கோட்பாட்டு அச்சு வெளியிலிருந்து வருகிறது. தரவு இங்குள்ளது: கோதாவரிக் கரையின் ஒரு பழங்குடி மொழி, பழைய நகரத்தின் சந்தைப் பேச்சு, கொங்குநாட்டின் வழக்குச்சொல். அச்சில் தரவை அழுத்தி எடுக்கும்போது சில இடங்களில் பொருந்தாமல் துருத்துகிறது. ஆய்வாளர் அதனைச் சீவி ஒழுங்குபடுத்துகிறார். கட்டுரை அயல்நாட்டு இதழுக்குப் போகிறது. அங்கே ஏற்கப்பட்டால் 'இன்னாரின் கோட்பாட்டை இந்தியத் தரவில் பொருத்திப் பார்த்த ஆய்வு' என்ற அடைமொழியோடு ஓரத்தில் இடம்பெறும். மறுக்கப்பட்டால், அக்கட்டுரையை உள்ளூரில் படிப்பாரும் இல்லை. அது இங்குள்ளோர் படிக்கும் மொழியிலும் இல்லை, அவர்கள் கேட்கும் கேள்விக்கு விடையாகவும் இல்லை. ஐந்தாறு ஆண்டுகளின் உழைப்பு கொட்டிலில் கிடக்கும் பொம்மைபோல் ஆகிவிடுகிறது. உதவித்தொகை நின்றபின் விடுதி அறையைக் காலிசெய்யும் மாணவருக்கு இது உவமையன்று, நடப்பு.

இதற்கு விடை, அயல் அச்சுகளையெல்லாம் உடைத்தெறிவதன்று. அச்சு இல்லாமல் பொம்மை இல்லை. கடன் வாங்காத மொழியும் இல்லை. ஜிங்தெஜென், தெஹுவாக் குயவர்கள் அயல் மாதிரியை மறுத்திருந்தால் பார்ப்போரை இன்றும் நிறுத்திவைக்கும் அப்பொம்மைகள் பிறந்திரா. மறுபுறம், 'நாங்களும் அதேபோல் செய்வோம்' என்று மகிழ்ந்துவிடுவதும் விடையன்று. போர்த்துக்கீசியர் பொருட்டுச் செய்யப்பட்ட பதினாறாம் நூற்றாண்டுக் கூசா ஒன்றில் அந்நாட்டு அரசமுத்திரை தலைகீழாகத் தீட்டப்பட்டுள்ளது. எழுதியவர்க்குக் கோடுகள் தெரிந்தன, குறி தெரியவில்லை. பொருள் விளங்காமல் கோட்பாட்டுச் சொற்களைப் பெய்யும் ஆய்வேடுகளிலும் இத்தகைய தலைகீழ் முத்திரைகளைக் காணலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வழியை அப்பொம்மைகளே காட்டுகின்றன. அவற்றில் அறிஞர்களின் கண் இன்று தேடிச் செல்வது எதை? மைசெனோடு ஒத்துப்போகும் பகுதியை அன்று, விலகும் பகுதியை. நீண்ட கண், குவான்யினின் மடிப்பு, பாவாடையில் பூத்த சீனப் பூ ஆகியவைதான் அது எங்கே, எந்தக் கையில் பிறந்தது என்று சொல்கின்றன. வணிகரின் சோதனையில் குறையாகப் பட்டிருக்கக்கூடிய இடமே குயவரின் கையொப்பமாக எஞ்சியிருக்கிறது. ஆய்விலும் அப்படித்தான். தரவு அச்சுக்குள் அடங்காமல் துருத்தும் இடத்தைச் சீவிவிடாமல், அது ஏன் அடங்கவில்லை என்று எழுதும் பத்திதான் அந்த ஆய்வின் உரிமைப் பகுதி. தக்கினியின் 'போல்கே' போன்ற ஒரு சொல்லைப் பிழையென்று கடந்து போயிருந்தால், அருகருகே வாழும் மொழிகள் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்னும் அறிவு வளர்ந்திராது.

இரண்டு சிறு வேலைகள் எவர்க்கும் இயலும். முதலாவது, அருங்காட்சியகங்களின் விவரக் குறிப்புகளைச் சார்ந்தது. 'மைசென் மாதிரியைப் பின்பற்றியது' என்ற வரியோடு நிறுத்தாமல் எந்த ஊரின் மண், எவ்வகை அச்சு, மூலத்திலிருந்து எவை மாறின என்று இன்னும் இரண்டு வரி எழுதலாம். குயவரின் பெயர் இனிக் கிடைக்காது. அவரது முடிவுகள் பொம்மையின் மேலேயே உள்ளன, அவற்றைப் பதிவு செய்யலாம். இரண்டாவது, ஆய்வேடு எழுதுவோரைச் சார்ந்தது. முன்னுரையில் எந்தக் கோட்பாட்டை மேற்கொண்டோம் என்று பல பக்கங்கள் எழுதுகின்றனர். அதனை எங்கே மாற்ற நேர்ந்தது, ஏன் மாற்ற நேர்ந்தது என்று ஓர் இயல் எழுதலாம். அதனைத் தம் ஊரார் படிக்கும் மொழியிலும் ஒருமுறை எழுதலாம். வெளியே மறுக்கப்பட்டாலும் உள்ளூரில் பயன்படும் சரக்காக அது நிற்கும். வழிநூல் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில் கம்பருக்கு நாணமில்லை. நெறியாளருக்கும் மாணவருக்கும் அது இருக்கத் தேவையில்லை.

பென்சோனியின் ரெபெக்காவுக்குக் கிடைக்கும் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. எத்தனை படிகள் இருந்தாலும் அந்தத் திரை வியப்புக்குரியதே. அந்த மதிப்பில் ஒரு பங்கைப் பெயரறியாத அந்தக் குயவர்களுக்கும் அளிப்பது நேர்மை. மேற்குக் கட்டடத்துக்கும் கிழக்குக் கட்டடத்துக்கும் இடையே அவர்களுக்கென்று தனிக் கட்டடம் எழுப்பத் தேவையில்லை. பார்க்கிறவர் எந்தக் கட்டடத்தில் நின்றாலும், ஒரு பொருள் யாரைப் பின்பற்றியது என்று கேட்டதோடு நிற்காமல் எங்கே விலகியது என்றும் கேட்டால் போதும்.